ஏரி உறைந்திருந்த காலம்

1857 ஜனவரி 11, ஞாயிறு
ஒஹாயோ, ஹார்லோ துறை

இன்றும் தேவாலயத்தில் பாடினேன். வெள்ளைச் சீலைத் தலைப்பைத் தலைக்கு மேலால் இழுத்துவிட்டுக்கொண்டு பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். எல்மினா அம்மா எழுந்து வழக்கம்போலச் சொன்னார்: "இவள் பெயர் நாகமுத்து. இலங்கைத் தீவிலே, யாழ்ப்பாணத்தில், எங்கள் மிஷன் பள்ளியில் படித்தவள். என்னைப் போலவே கணவனை இழந்தவள். அங்கே ஊழியம் செய்த என் கணவரைக் காலரா கொண்டுபோன பிறகு, எனக்கும் என் மகளுக்கும் துணையாகக் கப்பலேறி வந்தவள்." அதன் பின் நான் தமிழில் ஒரு கீர்த்தனை பாட வேண்டும். பாடினேன். பொருள் தெரியாமலே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு சீலையைத் தொட்டுப் பார்த்தார்கள். திருமதி பிரெஸ்காட் அதன் கரையை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்துவிட்டு என் கையில் முத்தமிட்டார்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஜனவரி 13

ஏரி முழுவதும் உறைந்துவிட்டது. ஈரி ஏரி என்று இதற்குப் பெயர். ஏரி என்றுதான் சொல்கிறார்களே தவிர மறுகரை தெரியாது. மறுகரை கனடா, விக்டோரியா மகாராணியின் மண். நேற்று வரை அலை அடித்த தண்ணீர் இன்று வெள்ளையாகக் கிடக்கிறது. அதற்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நான் நிற்கிற இடமும் கரைந்துபோகிறது.

ஃபேனி ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, "முத்தக்கா, கடல் செத்துப்போச்சோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி செல்லம், நித்திரை கொள்ளுது."

ஃபேனிக்கு வயது நாலரை. பிறந்தது யாழ்ப்பாணத்தில். இங்கு வந்தபோது அவளுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. எல்மினா அம்மாவும் அங்கே என்னோடு தமிழில்தான் கதைப்பார். கப்பலேறிய பிறகு ஒரு சொல்லும் இல்லை. கணவரை அடக்கம் செய்த இடத்திலேயே மொழியையும் விட்டுவிட்டு வந்துவிட்டார் போலும்.

வசந்தம் வந்ததும் பொஸ்டனில் கப்பலேறி மூவரும் திரும்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 19

கப்டன் டாபின் வந்து அடுப்புப் புகைக்குழாயைச் சரிசெய்தார். இவர் ஏரியில் சிறிய பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். குளிர்காலத்தில் வேலை இல்லை. போன கிழமையும் இதே குழாயைத்தான் சரிசெய்தார். நல்ல இரும்பு இந்த ஊரில் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

அம்மாவின் கறுப்புச் சட்டைக் கழுத்தில் இன்று ஊதா நாடா. கறுப்பு நாடா தீர்ந்திருக்கும்.

ஜனவரி 22

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த ஊரில் இதை வாசிக்கக்கூடியவர் எல்மினா அம்மா ஒருவரே. அவர் வாசிக்க மாட்டார்.

மத்தியானம் பனி பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. கப்டனின் சறுக்குவண்டி சத்தமில்லாமல் முற்றத்துக்கு வந்து நின்றது. வைக்கோலை விலக்கினார். உள்ளே ஒரு பெண். கறுத்த முகம், இமையெல்லாம் பனித்தூள். கனவில் ஒருத்தியைக் கிணற்றிலிருந்து தூக்குவதுபோல இருந்தது.

கப்டன் அம்மாவிடம் சொன்னார்: "இவள் பெயர் டெல்ஃபி. கென்டக்கியில் ஒரு புகையிலைத் தோட்டத்திலிருந்து தப்பி வந்தவள். அடிமைத்தனம் இல்லாத கனடாவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றிருந்தேன், அதற்குள் ஏரி உறைந்துவிட்டது. பனி உருகும்வரை ஓரிடம் வேண்டும்."

"ஏன் என் வீடு?" என்றார் அம்மா.  "சட்டம் தெரியாதா உங்களுக்கு? ஓடிவந்த அடிமையை ஒளித்து வைத்தால் சிறை. நான் சிறைக்குப் போனால் என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?"

"மிஷனரியின் விதவை வீட்டை ஒருவரும் சோதிக்க மாட்டார்கள், எல்மினா."

எல்மினா என்று பெயர் சொல்லி அழைக்கிறார். இன்றுதான் கவனித்தேன்.

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேல்மாடிக்கு ஏறி, என் அறையில் இரண்டாவது கட்டிலுக்குத் தானே விரிப்புப் போட்டார்.

ஜனவரி 25

காய்ச்சல். டெல்ஃபிக்கு. இஞ்சியும் மிளகும் அவித்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 3

டெல்ஃபி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். அவள் பேசும் ஆங்கிலம் பள்ளியில் நான் படித்த ஆங்கிலம் இல்லை. அவள் சொல்வதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் அவள் குரல் கேட்கிறது.

"நீ ஆருக்குச் சொந்தம்?" என்று கேட்டாள்.

"ஒருவருக்கும் இல்லை."

"அப்ப உன்னை ஆர் இவ்வளவு தூரம் கொண்டந்தது?"

"துணைக்கு வந்தேன். வசந்தத்தில் திரும்பிப் போகிறேன்."

"போக வேணுமெண்டு நினைச்சால் நாளைக்கே போவியோ?"

நாளைக்குப் போக முடியாது, பனி, என்றேன். அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பெண்.

பிறகு, "உங்கட ஊரிலயும் எங்களைப்போல ஆக்கள் இருக்கினமோ?" என்றாள்.

எங்கள் வீட்டு வளவிலேயே இருந்தார்கள். எனக்குப் பதினைந்து வயதாகும்போது அரசாங்கம் சட்டம் போட்டு நிறுத்தியது. அதைச் சொன்னேன்.

"சட்டம் வந்த அடுத்த நாள் அவை என்ன செய்தவை?"

"வழக்கம்போல விடியற்காலை வந்து முற்றம் கூட்டினார்கள்."

 நான் துணி மடித்தேன். மடித்ததையே திரும்பவும் பிரித்து மடித்தேன்.

பெப்ரவரி 17

பகல் முழுவதும் மூடுபனி. வீடு எங்கோ மிதந்துபோகிறது. பனிக்கட்டி விரியும்போது ஏரியிலிருந்து ஒரு முனகல் வருகிறது. பெரிய மிருகம் ஒன்று நித்திரையில் புரண்டு படுப்பதுபோல.

ஃபேனி டெல்ஃபியின் மடியில் உறங்கிப்போனாள். டெல்ஃபி அவளுடைய தலைமயிரை விரலால் கோதிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குப் பால் குடுத்தது நீதானே?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"உன்னைப் பார்க்கிற பார்வையில தெரியுது. நானும் எசமானின்ர ரெண்டு பிள்ளையளுக்குக் குடுத்தனான். எனக்கெண்டு பிறந்தது கடைசியாத்தான் குடிக்கும். மிச்சம் இருந்தால்." ஃபேனியின் போர்வையை இழுத்துவிட்டாள். "உன்ர பிள்ளை?"

ஜன்னல் கண்ணாடியில் புகை படிந்திருந்தது. ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். இந்த ஊர் நிலக்கரிக்கு அழுக்கு அதிகம்.

மார்ச் 2

ஃபேனி என்னிடம் ஆங்கிலத்தில் பால் கேட்டாள். கேட்காததுபோல இருந்தேன். பிறகு தமிழில் கேட்டாள். கொடுத்தேன்.

மார்ச் 12

கப்டன் பத்திரிகை கொண்டுவந்தார். வாஷிங்டனில் பெரிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை, சுதந்திர மாநிலத்தில் வாழ்ந்தவன், விடுதலை கேட்டு வழக்காடியிருக்கிறான். ஆபிரிக்க வம்சத்தார் இந்த நாட்டின் குடிமக்கள் ஆக முடியாது, வழக்குப் போடவே அவர்களுக்கு உரிமையில்லை என்று தீர்த்துவிட்டார்கள். அம்மா உரக்க வாசித்தார். பாதியில் பத்திரிகையை நீட்டிவிட்டார். கப்டன் வாங்கி மிச்சத்தை வாசித்தார்.

"இது சண்டையில்தான் போய் முடியும்" என்றார் கப்டன். "இன்றில்லாவிட்டாலும் சில வருஷத்தில்."

டெல்ஃபி படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடிந்ததும், "அவையள் இதை எழுதத் தேவையில்லை. எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு எழுத்துக் காட்டித் தா" என்றாள்.

மார்ச் 13

அகப்பைக் காம்பால் சாம்பலில் எழுதினோம். அவள் கை பெரிய கை. எழுத்தும் பெரிது.

மார்ச் 30, திங்கள்



காலை பத்து மணிபோல வாசலில் தட்டினார்கள். ஒருவர் மார்ஷல், சட்டத்தை நடத்த வந்த அரசாங்க அதிகாரி. மற்றவன் டெல்ஃபியின் எசமான் அனுப்பிய கென்டக்கி ஆள், மெலிந்தவன், மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான். டெல்ஃபி மேல்மாடியில். நான் குசினியில் ஒரு பாணை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் பிசைந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் மா.

மார்ஷல் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசினார். வீடுவீடாக விசாரிக்கிறார்களாம். அப்போது ஃபேனி ஓடிவந்து அவர் பொத்தானைப் பிடித்தாள். அவர் குனிந்து, "சின்னப் பெண்ணே, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று சிரித்துக் கேட்டார்.

ஃபேனி முகத்தை நிமிர்த்திக் கணீரென்று சொன்னாள்: "மேல ஒரு அக்கா இருக்கிறா. அவ கீழ வரமாட்டா. அவவுக்குப் பயம்."

தமிழில்.

மார்ஷல் சிரித்தார். "பறவை பேசுவதுபோல இருக்கிறதே! என்ன சொல்கிறாள்?"

அம்மாவுக்கு அது ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. முகம் சுண்ணாம்புபோல ஆகிவிட்டது. ஆனால் சிரித்தார். "பசிக்கிறதாம். பாண் வெந்துவிட்டதா என்று கேட்கிறாள்" என்றார். பிறகு ஃபேனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மிக இனிமையான குரலில், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, தமிழில் சொன்னார்: "கண்ணே, இனி ஒரு சொல்லும் சொல்லாதே. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்."

ஃபேனி கட்டிக்கொண்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

அம்மா குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாண் கருகியது.

ஏப்ரல் 2

தென்காற்று. பனிக்கட்டி உடைந்து துண்டு துண்டாக நகர்கிறது. ஊர் முழுவதும் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

கப்டன் சொன்னார்: "திங்கட்கிழமை கப்பல் எடுக்கலாம். ஆனால் அவர்கள் துறையை விட்டு நகரவில்லை. கறுத்த பெண் ஒருத்தி படகுப்பக்கம் வந்தால் நிறுத்துகிறார்கள்."

"என்னை நிறுத்த மாட்டார்கள்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த ஊருக்குத் தெரிந்தது என் சீலைதான் அம்மா. முகம் இல்லை. மறுகரைத் தேவாலயத்தில் பாட அழைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கப் போகட்டும். நீங்களும் ஃபேனியும் கூடப் போக வேண்டும். ஃபேனி இல்லாமல் நான் எங்கும் போனதில்லை என்பது ஊருக்குத் தெரியும்."

அம்மா மறுப்பார் என்று நினைத்தேன். "இடுப்பில் மடிப்பு வைக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

சீலையைக் கொய்து கொய்து அவள் இடுப்பில் சொருகினேன். டெல்ஃபி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பைத் தலைக்கு மேலால் போட்டு, மேலே என் சால்வை. "நடக்கேக்க கழண்டு விழாதோ?" என்றாள். "சின்ன அடியாக வை. அவசரப்படாதே. நான் அவசரப்பட்டு நடப்பதில்லை" என்றேன். அவளுடைய சாம்பல்நிறச் சட்டையை நான் போட்டுக்கொண்டேன்.

வாசலில் என் கன்னத்தில் கை வைத்தாள். 

மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏரியிலிருந்து மூடுபனி தெருவுக்குள் வந்திருந்தது. வெள்ளைச் சீலை அதற்குள் மெல்ல மெல்லப் போனது. ஃபேனியின் கை அதன் கையில். திருமதி பிரெஸ்காட் எதிரே வந்து நின்று, சீலையைத் தொட்டுப் பேசிவிட்டுப் போனார். நான் போவதை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடுபனி மூடியதும், வீட்டில் நிற்பது யார் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை.

ஏப்ரல் 8

வெளியே போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். நான் இப்போது கனடாவில் அல்லவா இருக்கிறேன். ஆனால் விறகு தீர்ந்துவிட்டது, வீடும் சத்தமில்லாமல் கிடந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். மிதந்து வந்து ஒதுங்கும் கட்டைகளைப் பொறுக்கலாம் என்று.

பின்னாலிருந்து என் கையைப் பிடித்தது அந்தக் கென்டக்கி ஆள்.

"பெயர் என்ன? யாருடையவள் நீ?"

 அவன் என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளினான். டெல்ஃபியின் கையில் அங்கே பழைய தீக்காயம் ஒன்று உண்டு. அதைத்தான் தேடினான். இல்லை. மற்றக் கையையும் பார்த்தான். விடவில்லை. "யாராவது ஒரு எசமானிடமிருந்து ஓடி வந்தவளாகத்தான் இருப்பாய்" என்றான்.

அப்போது திருமதி பிரெஸ்காட் கூடையோடு அந்தப் பக்கம் வந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார். என் கையில் முத்தமிட்டவர். நான் வாய் திறந்திருந்தால் டெல்ஃபி போனது எப்படியென்று தெரிந்துவிடும். திறக்கவில்லை. அவர் பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார்.

பிறகு வந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். கறுத்த ஆட்கள். ஒருவரும் ஓடிவரவில்லை, சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கையில் படகை இழுக்கும் கொக்கிக் கம்பு. கென்டக்கி ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் தேடுகிறவள் இவள் இல்லை" என்று அவர்களுக்கே சொல்வதுபோலச் சொல்லிக் கையை விட்டான்.

அவர்களில் மூத்தவர் வீட்டு வாசல்வரை வந்தார். கட்டைகளையும் அவரே தூக்கி வந்தார். நான் நன்றி சொல்லப் போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் கனடாவில் இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், அம்மா. உள்ளே போய்க் கதவைப் பூட்டுங்கள்" என்றார்.

ஏப்ரல் 10

இருட்டிய பிறகு, துறையில் ஒருவரும் இல்லாத நேரம் வந்துவிட்டார்கள், என் சீலையும் கையோடு. டெல்ஃபி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மா மூச்சுவிடாமல் சொன்னார். துறையில் கூட்டம். வருஷத்தின் முதல் கப்பலாம், பார்க்க ஊரே வந்திருந்தது. யாரோ, "போவதற்கு முன் ஒரு பாட்டு!" என்று கேட்டிருக்கிறார்கள். மார்ஷலும் நின்றாராம்.  டெல்ஃபி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பாடினாளாம். வாயில் வந்த ஓசையெல்லாம் சேர்த்து, இல்லாத ஒரு மொழியில், கண்ணை மூடிக்கொண்டு. கூட்டம் அழுதது. மார்ஷல் தொப்பியைக் கழற்றினார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு சிரிப்பு நிற்கவில்லை. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

தேநீர் குடித்த பிறகு அம்மா சொன்னார்: "முத்து, கப்டன் என்னைக் கேட்டார். நான் சரி என்றேன்." தான் யாழ்ப்பாணம் திரும்பப் போவதில்லை என்பதை வேறு வார்த்தையில் சொன்னார். ஜூன் மாதம் ஒரு மிஷனரிக் குடும்பம் பொஸ்டனில் கப்பலேறுகிறது, அவர்களோடு என்னை அனுப்ப எழுதுகிறாராம். ஃபேனி இங்கேதான்.

நல்ல செய்தி. திரைச்சீலைகளையெல்லாம் தோய்த்தேன்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

பாடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

திருமதி பிரெஸ்காட் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாமல் ஏங்கிப்போனோம்! கனடா எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"குளிர்" என்றேன்.

ஏப்ரல் 21

கப்டனிடம் கேட்டேன், மறுகரையில் டெல்ஃபி எப்படி இருக்கிறாள் என்று. ஷைலோ குடியிருப்பு என்ற இடத்தில் துணி வெளுக்கிறாளாம். அங்கே தப்பி வந்தவர்கள் நிறையப்பேர், மரத்தை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்குக் கொட்டகை எழும்பிவிட்டது, படிப்பிக்க ஆள் இல்லை என்றார்.

நான் கேட்டது டெல்ஃபியைப் பற்றி மட்டும்தான்.

ஏப்ரல் 29

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொஸ்டனுக்கு எழுத வேண்டாம், நான் மறுகரைக்குப் போகிறேன்.

"அங்கே உனக்கு யாரைத் தெரியும்?" என்றார்.

"யாழ்ப்பாணத்தில் இப்போது எனக்கு யாரைத் தெரியும், அம்மா?"

அவர் அழுதார். என் பிள்ளையையும் அவர் கணவரையும் அந்த ஒரே கிழமையில்தான் புதைத்தோம். அந்தக் கிழமையிலும் நான் ஃபேனிக்குப் பால் கொடுத்தேன். அவர் அதைச் சொன்னார். நான் சொல்லவில்லை. தமிழில் சொன்னார்.

மே 4

ஃபேனியின் தலையை வாரி, பின்னிவிட்டேன். இறுக்கமாகப் பின்னினால் சாயங்காலம்வரை நிற்கும்.

கப்பல் பிற்பகல் போகிறது.

மே 5, கனடா

நேற்றைப் பற்றி எழுத நேரமில்லை.

மே 11, திங்கள்
ஷைலோ குடியிருப்பு

பள்ளி தொடங்கியது. கூரையில் ஒரு மூலை இன்னும் போடவில்லை, அங்கிருந்து வெயில் ஒரு தூண்போல இறங்கி நின்றது. மரத்தூள் அதற்குள் பறந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்று பார்த்தால், அவர்களோடு தாய்மாரும் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர் முன்பலகையில் உட்கார்ந்து, "நடுவில் எழுந்து போக யாரிடம் உத்தரவு கேட்க வேணும்?" என்றார்.

"ஒருவரிடமும் கேட்க வேண்டாம்" என்றேன்.

அவர் எழுந்து வாசல்வரை நடந்தார். வெளியே நின்று ஏரியைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முதலெழுத்தைக் கரியால் பலகையில் எழுதினேன். எல்லாரும் சொன்னார்கள். இரண்டாவதும் எழுதி முடிந்துவிட்டது. அப்போதுதான் டெல்ஃபி வந்தாள். கை முழுக்கச் சவர்க்கார நுரை, காலெல்லாம் சேறு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னால் இடம் தேடி, இரண்டு பேரைத் தள்ளி உட்காரச் சொல்லி, வசதியாக உட்கார்ந்துகொண்டாள். பிந்தி வந்ததற்குக் காரணம் சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை. மூன்றாவது எழுத்தை எழுதினேன்.